காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு: வீடு அமைப்பவர் பார்வையில் பழம்பொருள் கடைகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே கிடைக்கும் அரிய பொருள்களைச் சொல்லி வியக்கிறார்கள். இல்லையென்றால் செட்டிநாட்டு வீடுகள் இடிபடுவதை எண்ணி வருந்துகிறார்கள். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் நடுத்தர அளவில் ஓர் அடுக்ககக் குடியிருப்பை வைத்துக்கொண்டு, எல்லார் வீட்டிலும் இருக்கும் அதே சாமான்களால் அதை நிரப்ப மனமில்லாமல், எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்கும் ஒருவருக்கு இந்தத் தெரு என்ன கொடுக்கும் என்பதைப் பற்றிய பேச்சு குறைவாகவே காணப்படுகிறது. உள்ளூரில் ‘ஆன்டிக் கடை’ என்றே வழங்கும் இந்தக் கடைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கும் இடம் என்ற அளவில் இத்தெருவுக்குக் குறைகள் உண்டு. வீட்டை எப்படி அமைக்கலாம் என்ற யோசனை பிறக்கும் இடம் என்ற அளவில் இதற்கு இணையான ஒன்றை நான் தமிழ்நாட்டில் வேறெங்கும் பார்த்ததில்லை. இங்கே குவிந்திருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை அலங்காரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதே அதற்குக் காரணம். அளக்கவும், துருவவும், கணக்கெழுதவும், சீர் கொண்டுபோகவும் செய்யப்பட்ட பொருள்கள் அவை. எதற்குப் பயன்பட்டது என்று தெரிந்துகொண்டு ஒரு பொருளைப் பார்க்கும்போது, அதை வீட்டில் எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

இவ்வளவு சாமான்கள் ஒரு சிறு நகரத்தின் ஒரே தெருவுக்கு எப்படி வந்தன என்பதை அறியாமல் கடைக்குள் நுழைந்தால் எல்லாம் குப்பையாகத் தெரியும், அல்லது எல்லாமே புதையலாகத் தெரியும். பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்திய, நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எனப்படும் நகரத்தார், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் பெரிய பெரிய வீடுகளாகக் கட்டினார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் ஜப்பானியப் பூ ஓடுகளும் கப்பலில் வந்தன. 1930களின் பொருளாதார மந்தம், 1942இல் பர்மாவை ஜப்பான் கைப்பற்றியது, 1948இல் அங்கே வந்த நில நாட்டுடைமைச் சட்டம், 1962க்குப் பிந்தைய ராணுவ ஆட்சியின் நாட்டுடைமை நடவடிக்கைகள் என ஒன்றன்பின் ஒன்றாக வந்த அடிகளில் அந்த வருமானம் நின்றுபோனது. வீடுகள் மட்டும் நின்றன. 73 ஊர்களும் 2 நகரங்களும் கொண்ட செட்டிநாட்டிலிருந்து சில ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன என்றாலும், பட்டியல் வேறு, பாகப்பிரிவினை வேறு. பல பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு வீட்டைப் பராமரிக்க ஆளும் பணமும் இல்லாதபோது, கதவும் தூணும் உத்தரமும் தனித்தனியே விலையாகி இத்தெருவை வந்தடைகின்றன.

வீட்டின் உறுப்புகளைவிட உள்ளே இருந்த பாத்திரங்களின் கதைதான் வீடு அமைப்பவருக்கு அதிகம் பயன்படும். முகப்பைக் கடந்து உள்ளே போனால் வானம் தெரியும் முற்றமும் அதைச் சுற்றிய வளவும் வரும். வளவை ஒட்டி, மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அந்த அறை படுப்பதற்கானது என்பதைவிட, மருமகள் கொண்டுவந்த சீர்ச் சாமான்களைப் பூட்டிவைப்பதற்கானது என்பதே பொருந்தும். சீர் என்றால் ஒவ்வொன்றும் ஒன்றாக வராது. ஒரே அளவிலும் ஒரே வடிவிலும் பலவாக வரும். எவருடையது என்று குழப்பம் வராமலிருக்கப் பித்தளையிலும் வெண்கலத்திலும் தலைப்பெழுத்துகளை உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பார்கள். கடைகளில் இன்றும் அத்தகைய எழுத்து வெட்டிய செம்புகளையும் தட்டுகளையும் அடுக்கடுக்காகப் பார்க்கலாம். எனக்கு இத்தெரு கொடுத்த முதல் யோசனையே இந்த அடுக்கிலிருந்துதான் வந்தது. பத்து வகைப் பொருள்களை ஒரே அலமாரியில் பரப்பினால் கண் எதிலும் நிற்காது. ஒரே வகையில், அளவு மட்டும் மாறும் ஐந்தாறு பொருள்களை வரிசையாக வைத்தால் ஒரு சுவரே நிறைந்துவிடும். படி, அரைப்படி, உழக்கு, ஆழாக்கு என இறங்கிக்கொண்டே போகும் அளவைகள் இதற்கு மிகவும் ஏற்றவை. ஒன்றைக் குறைத்தால் வரிசை உடைந்துவிடும் என்று தோன்றும் அளவுக்கு அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

கடைகளின் தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முகப்பு குறுகலாகவும் உள்நீளம் அதிகமாகவும் இருக்கும். தரையிலிருந்து கூரை வரை சாமான். சில கடைகளில் மாடியும் பின்கட்டும் உண்டு. வெளிச்சம் போதாது என்பதால் சிறு டார்ச் விளக்கு ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. முன்பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான பளபளப்புப் பித்தளையும், பின்பக்கத்தில் துடைக்கப்படாத உண்மைச் சரக்கும் இருப்பது இத்தெருவின் பொது வழக்கம். “பின்னாடி இருக்கறதையும் பார்க்கலாமா அண்ணே?” என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. தூசு மட்டும் நிறைய இருக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது சிறிய குறையன்று.

இத்தெருவில் எனக்கு மிகப் பிடித்தவை எனாமல் சாமான்கள். சுவீடனின் ‘காக்கும்ஸ்’ முத்திரையிட்ட தூக்குகளும் தட்டுகளும், ஜப்பானிலிருந்து வந்த பூப்போட்ட மூடிபோட்ட கிண்ணங்களும், பர்மா வழியாக வந்துசேர்ந்த அடுக்குச் சாப்பாட்டுத் தூக்குகளும் ஏராளமாக இருக்கின்றன. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியைப் பூசிச் சூளையில் உருக்கிப் படியவைப்பதுதான் எனாமல் என்பதால், அதன் நிறம் மங்குவதேயில்லை. நூறாண்டை நெருங்கும் ஒரு தட்டிலும் விளிம்புப் பச்சை அப்படியே இருக்கும். வெண்ணெய் நிறத்தின் மேல் இலைப் பச்சை, வெளிர் நீலத்தின் மேல் கருநீலம், அபூர்வமாகச் செங்கல் சிவப்பு என்ற இந்த இணைகளை எந்த வண்ணப்பூச்சு நிறுவனத்தின் நிற அட்டையிலும் நான் கண்டதில்லை. ஒரு தட்டை வாங்கிவந்து, அதன் உடல் நிறத்தைச் சமையலறைச் சுவருக்கும் விளிம்பு நிறத்தை அலமாரிக் கதவுக்கும் கொடுத்தேன். வண்ணம் கலப்பவரிடம் எண் எதுவும் சொல்லாமல் தட்டையே கொடுத்துவிட்டால் போதும். கணினி பொருத்திய கடைகளில் அதைப் படித்துக் கலந்துகொடுக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு நிறத்திட்டம் தேடுபவர்கள் ஒரே ஒரு பழைய எனாமல் தட்டை முழு நிறத்திட்டமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான பரிந்துரை. எனாமல் உடைந்து இரும்பு தெரியும் பாத்திரத்தில் சமைப்பதும் உணவு வைப்பதும் மட்டும் வேண்டாம். அவை சுவருக்கும் செடிக்கும் போகட்டும்.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது ஆத்தங்குடியை விட முடியாது. கடைத்தெருவில் பழைய ஆத்தங்குடி ஓடுகள் சில்லறையாகக் கிடைக்கும் என்றாலும், அவற்றைத் தரைக்குப் பயன்படுத்த முடிவதில்லை. பெயர்த்தெடுக்கும்போது மூலைகள் உடைந்துவிடுகின்றன, ஒரே வார்ப்பில் தேவையான எண்ணிக்கை சேர்வதும் இல்லை. அருகிலுள்ள ஆத்தங்குடிக்குப் போய்ப் புதிதாகச் செய்து வாங்குவதே சரி. கண்ணாடிப் பலகையின் மேல் உலோக வார்ப்பை வைத்து, அதன் கட்டங்களில் நிறக்கலவையை ஊற்றி, வார்ப்பை எடுத்துவிட்டு, மேலே உலர் சிமென்ட் மணலைத் தூவி, பின் ஈரக்கலவையால் நிரப்பி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளை கிடையாது. மேற்பரப்பின் வழவழப்பு மெருகேற்றியதால் வருவதன்று, அடியிலிருந்த கண்ணாடி கொடுத்தது. சிவப்பும் காவி மஞ்சளும் பச்சையும் அடர்த்தியாகக் கலக்கும் பழைய அமைப்புகளைச் சிறு வீட்டின் கூடம் முழுவதும் பரப்பினால் மூச்சுமுட்டும். கூடத்துக்கு ஒற்றை நிற ஓடும், பூசையறைக்கோ நுழைவாயிலுக்கோ மட்டும் பூவமைப்பும் போதும். இந்த அளவு உணர்வையும் பழைய வீடுகளே கற்றுத்தருகின்றன. அங்கே வளவின் தரைக்குத்தான் கனத்த அமைப்பு. அதை ஒட்டிய முற்றத்தில் வானம் திறந்திருக்கும்.

மரச் சாமான்களின் பகுதியில்தான் கடைக்காரர்கள் நம்மைப் பரிசோதிக்கிறார்கள். “இது எதுக்குன்னு தெரியுமா சார்?” என்று ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். கடைசல் பிடித்து அரக்குச் சாயம் ஏற்றிய மரவை என்னும் மரப்பாத்திரம், துருவலகை, இடியாப்ப உரல், பல்லாங்குழி, அஞ்சறைப் பெட்டி, கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசை என விடை தெரிந்தவையும் தெரியாதவையும் வரும். பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டிகளும் இவற்றோடு கலந்து கிடக்கும். மெல்லிய மூங்கில் சிம்பைப் பின்னி, அதன் மேல் மரப்பாலைப் பல பூச்சாகப் பூசி, மேற்பரப்பில் கீறி நிறமேற்றிய அந்த வெற்றிலைப் பெட்டிகளைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது. மரம் என்று நினைத்து அழுத்திப் பிடித்துவிடக் கூடாது. வெயில் நேரடியாகப் படும் இடத்தில் வைத்தால் பூச்சு வெடிக்கும்.

இவற்றை வீட்டில் என்ன செய்வது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பழைய பொருளுக்குக் கொடுக்கும் புது வேலை, அதன் பழைய வேலைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசையைத் தரையில் போட்டு, பின்னால் ஒரு திண்டு வைத்தால் மடிக்கணினிக்கு அதைவிட நல்ல மேசை இல்லை. மூடியைத் திறந்தால் மின்னேற்றிக்கும் கம்பிகளுக்கும் இடம் இருக்கிறது. அஞ்சறைப் பெட்டி இன்றும் கடுகுக்கும் சீரகத்துக்கும் பயன்படட்டும், இல்லையென்றால் தையல் பொத்தான்களுக்கு. பல்லாங்குழியை வரவேற்பறை மேசையில் வைத்தால் வருகிற குழந்தைகள் சோழியைப் போட்டு விளையாடத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு மேல் அலங்காரம் எதற்கு? இதற்கு மாறாக, அம்மிக்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி விளக்குப்போட்டு ‘சிற்பம்’ ஆக்குவதும், ஒவ்வொரு உணவகத்தின் வாசலிலும் உருளியில் தண்ணீர் நிரப்பிச் சாமந்தியை மிதக்கவிடுவதும் எனக்கு உவப்பில்லை. உருளி பாயசம் காய்ச்சும் பாத்திரம். ஆண்டில் ஒரு முறையாவது அதை அடுப்பிலேற்றுகிற வீட்டில் மற்ற நாள்களில் அதில் பூ மிதந்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

படங்களுக்கென்றே தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம். ராஜா ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய கல்லச்சு (லித்தோகிராஃப்) கூடத்திலிருந்து வந்த லட்சுமியும் சரஸ்வதியும் செட்டிநாட்டு வீடுகளில் நிறைய இருந்தன. அவற்றின் மேல் சரிகையும் சம்கியும் துணியும் ஒட்டி, புடவைக்கும் நகைக்கும் மேடு கொடுத்த படங்களை இத்தெருவில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அச்சிட்ட ஒரு படத்தை வீட்டுப் பெண்கள் தங்கள் கைவேலையால் தங்களுடையதாக ஆக்கிக்கொண்ட அந்த வழக்கம், சொந்தக் கற்பனையைப் பற்றி எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித்தராத ஒன்றைக் காட்டுகிறது. பழைய அச்சையும் அண்மைக்கால மறுஅச்சையும் பிரித்தறிய ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். இன்றைய ஆஃப்செட் அச்சில் நிறப்புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், சிறு சிறு வட்டங்களாகச் சேர்ந்து தெரியும். கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பது புலப்படும். சட்டமும் கண்ணாடியும் பழையவை என்பதால் மட்டும் உள்ளே இருக்கும் தாளும் பழையது என்று கொள்ளக் கூடாது. பழைய சட்டத்தில் புது அச்சைப் பொருத்தி விற்பது இந்த வணிகத்தில் எங்கும் நடப்பதுதான்.

கண்ணாடி ஓவியங்கள் வேறு வகை. கண்ணாடியின் பின்புறத்தில், முன்னால் தெரிய வேண்டிய கண்ணையும் நகையையும் முதலிலும் பின்னணியைக் கடைசியிலுமாகத் தலைகீழ் வரிசையில் தீட்டுவார்கள். வாங்கியதும் சட்டத்தைக் கழற்றிப் பின்புறத்தைத் துடைக்கும் ஆர்வம் வரும், வரக் கூடாது. அங்கே இருப்பது வண்ணமேதான், துணியோடு உரிந்துவிடும்.

செட்டிநாட்டு வீடுகளில் படங்களைக் கதவுக்கு மேலே, கூரையை ஒட்டி, முன்பக்கமாகச் சாய்த்து வரிசையாக மாட்டியிருப்பார்கள். கீழே நிற்பவர் நிமிர்ந்து பார்க்கும்போது படம் அவரை நோக்கிக் குனிந்து கண்ணாடியின் பிரதிபலிப்பும் குறைகிறது. நம் அடுக்ககங்களில் கூரை 10 அடிக்குள் முடிந்துவிடுவதால் அதை அப்படியே பின்பற்ற இயலாது என்றாலும், சோபாவுக்கு மேலே ஒரு படத்தை நட்டநடுவில் தொங்கவிடும் பழக்கத்திலிருந்து இது நம்மை விடுவிக்கிறது. கதவு நிலைக்கு மேலே காலியாகக் கிடக்கும் அந்த நீண்ட பட்டையில் சிறிய படங்களைச் சாய்வாக மாட்டிப் பாருங்கள். அறை உயரமானதாகத் தோன்றும்.

ஒரே ஒரு வகைப் படத்தின் முன் மட்டும் நான் தயங்குகிறேன். கழுத்தில் ருத்திராட்சமும் தோளில் அங்கவஸ்திரமும் அணிந்து முக்காலியில் கைவைத்து நிற்கும் பெரியவர்கள், கழுத்துரு எனப்படும் கனத்த தாலியோடு அமர்ந்திருக்கும் ஆச்சிமார்கள், கையால் நிறம் தீட்டப்பட்ட அந்த ஸ்டூடியோப் படங்கள் இங்கே கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. உணவகங்களும் விடுதிகளும் ‘பழைமைச் சூழலுக்காக’ அவற்றை வாங்கிச் சுவர் முழுவதும் மாட்டுகின்றன. சிலர் வீடுகளிலும் மாட்டுகிறார்கள். யாரோ ஒருவருடைய பாட்டியை என் வீட்டுச் சுவரில் அலங்காரமாக மாட்ட எனக்கு மனம் வரவில்லை. அழகியல் நோக்கிலும் அது பொய்யாகவே படுகிறது. அந்தப் படங்களின் சட்டங்களும், பின்னணித் திரைகளின் ஓவியமும், உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளின் வடிவும் பார்த்துக் கற்கத் தக்கவை. பார்த்துவிட்டு நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் நம் தாத்தாவின் படத்தை எடுத்து அதே போன்ற சட்டம் போடலாம். வெறும் சட்டங்களும் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன.

கதவுகளுக்கும் தூண்களுக்கும் வருவோம். இத்தெருவுக்குப் புகழ் தேடித்தந்தவை இவைதாம், அடுக்ககவாசி அதிகம் ஆசைப்படக் கூடாதவையும் இவையே. நிலையோடு கூடிய ஒரு பர்மாத் தேக்குக் கதவு நம் படுக்கையறைச் சுவரில் பாதியை விழுங்கிவிடும், மின்தூக்கியில் நுழையாது, மாடிப்படித் திருப்பத்தில் ஆறு பேர் நின்று யோசிக்க வேண்டிவரும். முழுத் தூண் வேண்டும் என்பவர்கள் முதலில் ஜெப்ரி பாவாவின் கொழும்பு வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. இலங்கையின் அந்தக் கட்டடக் கலைஞர், கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த சிறு வீடுகளை 1958 முதல் ஒவ்வொன்றாகப் பெற்று ஒரே வீடாக இணைத்தார். அதற்குள் ஒரு சிறு நீர்முற்றத்தின் அருகே செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய மரத்தூண்கள் நிற்கின்றன. சுற்றிலும் வெள்ளைச் சுவர், மேலிருந்து வெளிச்சம், பக்கத்தில் தண்ணீர். வேறு எதுவும் போட்டிக்கு இல்லை. தூணைச் சுமையில்லாமல் சும்மா நிறுத்தினாலும் அது பொருந்துவதற்குக் காரணம், அதைச் சுற்றி விடப்பட்ட வெறுமை. 1,000 சதுர அடி வீட்டில் அந்த வெறுமையைக் கொடுக்க நம்மால் முடியாது. ஆகவே நான் முழுக்கதவுக்குப் பதிலாகக் கதவின் மேல் வரும் சிறு செதுக்குப் பலகைகளையும், பித்தளைக் குமிழ்களையும், நாதாங்கிகளையும், பீங்கான் கைப்பிடிகளையும் பரிந்துரைப்பேன். சாதாரண ஒட்டுப்பலகை அலமாரிக்குப் பழைய பித்தளைக் கைப்பிடிகளை மாட்டினால் அந்த அலமாரியின் வகுப்பே மாறிவிடுகிறது, செலவும் நூறுகளிலேயே நின்றுவிடும். போவதற்கு முன் வீட்டில் காலியாக உள்ள சுவர்களையும் மூலைகளையும் அளந்து எழுதிக்கொண்டு, அளவுநாடாவையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். என்ன வாங்குவது என்ற பட்டியல் வேண்டாம், எங்கே இடமிருக்கிறது என்ற பட்டியல் போதும்.

பழையதுபோல் செய்யப்பட்ட புதியவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரத்துக் குறையக் குறைய இவை பெருகிவருகின்றன. இதிலும் இரண்டு வகை உண்டு. இடிந்த வீட்டு உத்தரத்தை அறுத்துப் புதிதாகச் செய்த நாற்காலியையும் முக்காலியையும் ‘பழைய மரம், புது வேலை’ என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அது நேர்மையான, நல்ல சரக்கு. அமிலத்தில் முக்கிக் கறுக்க வைத்த புதுப் பித்தளையையும், தேநீர்ச் சாயம் ஏற்றிய தாளையும் பழையது என்றே சொல்பவர்களும் உண்டு. பித்தளையைத் திருப்பி அடிப்புறத்தைப் பாருங்கள். உண்மையில் புழங்கிய பாத்திரம் தேய வேண்டிய இடத்தில்தான் தேய்ந்திருக்கும், அதாவது அடியிலும் விளிம்பிலும் பிடியிலும். எல்லா இடமும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் ஐயப்படலாம். மரத்தில் பின்புறமும் உட்புறமும் பேசும். பார்வையில் படாத பகுதியிலும் மெருகு ஏறியிருந்தால் அது அண்மையில் ஏறிய மெருகு. வீட்டை அழகாக்குவதே நோக்கமென்றால் வயதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை, பழைய பொருளுக்குரிய விலையைக் கொடுக்காமலிருந்தால் சரி.

சட்டத்தை மறந்துவிடக் கூடாத இடங்களும் உண்டு. தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம், 1972இன்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருள்கள் தொல்பொருள்கள் ஆகின்றன. மதிப்புள்ள சுவடிகளுக்கு அந்த வரம்பு 75 ஆண்டுகள். இவற்றை விற்க உரிமம் வேண்டும், சிற்பம் போன்ற சில வகைகளை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், தனியார் எவரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள், ஐயமுள்ள பொருளுக்குத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அன்று என்ற சான்றிதழைப் பெற்றுக்கொள்வதே பாதுகாப்பு. கல்லோ செம்போ எதுவானாலும் பழைய தெய்வத் திருமேனி என்று ஒன்றைக் காட்டினால் நான் தொடவே மாட்டேன். அது எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்ற கேள்விக்குக் கடையில் விடை கிடைக்காது. தந்தப் பொருள்களும் அப்படியே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றின் வணிகத்துக்கே இடமில்லை.

விலையைப் பொறுத்தவரை பேரம் உண்டு. அதற்கும் ஒரு முறை உண்டு. பித்தளை, வெண்கலப் பாத்திரங்களுக்கு அடிப்படையாக எடைக் கணக்கு இருக்கிறது, ஏனென்றால் விற்காதது கடைசியில் உருக்குவதற்குப் போகும். அந்த எடைவிலையை முன்பே விசாரித்து வைத்துக்கொண்டால், மேலே கேட்பது வடிவத்துக்கும் வயதுக்கும் உரிய விலை என்பது தெளிவாகிவிடும். எனாமலுக்கும் மரத்துக்கும் அப்படி ஓர் அடித்தளம் இல்லாததால் கடைக்குக் கடை விலை பெரிதும் மாறும். முதல் கடையில் எதையும் வாங்காமல் தெருவின் மறுமுனை வரை ஒரு முறை நடந்துவிட்டுத் திரும்புவது நல்லது. வெளிநாட்டவர் வரும் டிசம்பர், ஜனவரியில் விலை இறங்க மறுக்கிறது. ஒரே கடையில் பல பொருள்களைச் சேர்த்து எடுத்தால் விட்டுக்கொடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ரசீது கேளுங்கள். தயங்குபவரிடம் விலை உயர்ந்ததை வாங்க வேண்டாம். பொதி கட்டிச் சரக்குந்தில் அனுப்பும் ஏற்பாடு பெரிய கடைகளில் இருக்கிறது, ஆனால் கண்ணாடி உள்ள எதையும் கையோடு கொண்டுவருவதே என் வழக்கம். சென்னைக்காரர்களுக்கு எழும்பூரிலிருந்து பல்லவன் விரைவு ரயில் காரைக்குடி வரை வருகிறது; இருக்கைக்கு அடியில் ஒரு மரவைக்கும் இரண்டு எனாமல் தூக்குகளுக்கும் இடம் உண்டு.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் வேலை கொஞ்சம் இருக்கிறது. பித்தளைக்குப் புளியும் சாம்பலும் போதும். ஆனால் உளியால் வெட்டிய பெயரெழுத்து மழுங்கும் அளவுக்குத் தேய்க்க வேண்டியதில்லை. புளிப்பான எதையும் சமைப்பதானால் வெள்ளீயம் பூசிய பின்பே பயன்படுத்த வேண்டும், அதைப் பூசுபவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். மரச் சாமான்களை உள்ளே சேர்ப்பதற்கு முன் சில நாள்கள் மற்றப் பொருள்களிலிருந்து தள்ளி வைத்து, அடியில் மாவு உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. தூக்குவிளக்கை மாட்ட நினைப்பவர்கள் பொய்க்கூரைப் பலகையை நம்பாமல் மேலே உள்ள கான்கிரீட்டில் கொக்கி அடிக்க வேண்டும், வெண்கலத்தின் கனம் படத்தில் தெரியாது.

ஒரு சுற்றை எப்படித் திட்டமிடுவது என்று கேட்டால், கடைத்தெருவுக்கு முன் ஒரு வீட்டைப் பாருங்கள் என்பேன். கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கத்தில் பார்வையாளர்களை அனுமதிக்கும் வீடுகளும் விடுதியாக மாறிய வீடுகளும் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக இயலாத சென்னைவாசிகளுக்கு, முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தின் செட்டிநாட்டு வீடு ஓரளவுக்கு உதவும். சாமான் அதன் இடத்தில் இருப்பதை ஒரு முறை பார்த்துவிட்டவருக்கு, கடையில் அது குவியலில் கிடக்கும்போதும் அதன் உயரமும் அது நிற்க வேண்டிய வெளிச்சமும் புரிந்துவிடும். ஒரே மாதிரிப் புதுச்சாமான்களால் சலித்து, தன் வீட்டுக்கென ஒரு நிறமும் ஒரு வரிசையும் தேடுபவர்களுக்கு இத்தெருவைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முழு வீட்டையும் ஒரே நாளில் ‘செட்டிநாட்டு பாணி’க்கு மாற்ற விரும்புபவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன், அவர்களுக்கு அதைச் செய்துகொடுக்க உள்ளலங்கார நிறுவனங்கள் பல இருக்கின்றன. அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் கதவுகளையும் தூண்களையும் விட்டுவிட்டு, எனாமலும் மரச் சாமான்களும் இருக்கும் பின்கட்டுகளில் அந்த நேரத்தைச் செலவிடுங்கள். உச்சிவேளைக்கு முன் போனால் முற்றத்து வெளிச்சம் அங்கே ஓரளவாவது எட்டும்.